ரோஜாப்பூவுக்கு வாடகை

தீபாவளிக்கு முந்திய சனிக்கிழமை இரவு சிராங்கூன் சாலையில் நாம் நடக்க வேண்டியதில்லை. பின்னால் வருகிற கூட்டமே நடத்திக்கொண்டு போய்விடும். அப்படிப் போய்க்கொண்டிருந்தபோது கேம்பல் லேன் முனையில், ஒளியூட்டு வளைவுக்கு நேர் கீழே, என் மனைவி சடக்கென்று நின்றாள். "என்னங்க, ஒண்ணு எடுங்க. தலைக்கு மேல அந்த மயில் முழுசா வரணும்." கைப்பேசியை உயர்த்தினேன். மயில் வந்தது, மனைவி வந்தாள், இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு சின்னப் பெட்டியும் வந்தது. இடம் நிரம்பிவிட்டதாம்.

பூக்கடை ஓரமாய் ஒதுங்கி அழிக்க ஆரம்பித்தேன். முதலில் அகப்பட்டது ஒரு தூண். "பி2, ஊதா" என்று எழுதியிருந்தது. எந்தக் கடைத்தொகுதியின் கார் நிறுத்துமிடம் என்று நினைவில்லை. அந்தக் காரையே விற்று நாலு வருஷமாகிறது. அடுத்தது துரியான். மாவ் ஷான் வாங், பிளந்த கோலத்தில், பதினோரு படம். அதை அழிக்க மனசு வரவில்லை. பிறகு என் கட்டைவிரல். பிறகு 2019ல் முஸ்தஃபாவில் வாங்கிய குக்கரின் ரசீது. அதன்பின் ரோஜாக்கள். சிவப்பு, மஞ்சள், பனித்துளி வைத்தது, பனித்துளிக்குள் பிள்ளையார் வைத்தது. எல்லாவற்றிலும் "இனிய காலை வணக்கம்". எவ்வளவு தேய்த்தும் தோட்டம் முடிகிறபாடாக இல்லை. நிமிர்ந்து பார்த்தால் மனைவி தன் ஐபோனை வழியில் போன ஒரு சீன இளைஞனிடம் கொடுத்து, மயிலோடு படம் எடுத்து முடித்திருந்தாள். நன்றாகவே வந்திருந்தது. அதுதான் எரிச்சல்.

"மேகத்துல கொஞ்சம் இடம் வாங்கிப் போடுங்கன்னு எத்தனை தடவை சொல்றது?" என்றாள், ஏதோ தெம்பனிஸில் நாலறை வீடு வாங்கச் சொல்வதுபோல.

மறுநாள் காலை தேக்கா நிலையத்து உணவங்காடியில் தே தாரிக்கோடு உட்கார்ந்திருந்த நண்பர்களிடம் எதை வாங்கலாம் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. எம்ஜிஆரா சிவாஜியா என்று எங்கள் அப்பாமார் மல்லுக்கட்டிய அதே உக்கிரம்.

சரக்குக் கப்பல் நிறுவனத்தில் வேலை பார்ப்பவர் மைக்ரோசாஃப்ட் கட்சி. வேர்டு, எக்செல்லுக்கு வருஷச் சந்தா கட்டினால் ஒன்டிரைவில் 1 டெராபைட் கூடவே வருகிறது. "தோசைக்குத்தான் காசு அண்ணே, சட்னி சும்மா. அந்தச் சட்னியில குளிக்கலாம்." சந்தா கட்டாமல் போனால் 5 ஜிபிதான், முன்பு 15 கொடுத்துக்கொண்டிருந்ததை 2016ல் குறைத்துவிட்டார்கள் என்பதை அவர் சொல்லவில்லை, எதிர்க்கட்சி சொன்னது. எதிர்க்கட்சி என்பது ஓர் ஆசிரியர், ஆப்பிள் பக்தர். அவருடைய ஐகிளவுட் 2011ல் பிறந்தபோது 5 ஜிபி இலவசம். இன்றைக்கும் அதே 5. ஒரு படத்தின் கனம் எத்தனையோ மடங்கு ஏறியாயிற்று, பரிமாறும் இலை மட்டும் மாறவில்லை. கேட்டால், "பக்தின்னா கொஞ்சம் சிரமப்படணும்" என்கிறார். மூன்றாமவர் டிராப்பாக்ஸ். அங்கே இலவசம் 2 ஜிபிதான். பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது திறந்த கணக்கு, இன்னும் நிரம்பவில்லை என்றார். அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை.

நான் கூகுள் வீட்டுக்குக் குடிபோனது தெரிந்து செய்த காரியமல்ல. 2015ல் கூகுள் ஃபோட்டோஸ் வந்தபோது, படத்தைக் கொஞ்சம் சுருக்கி வைத்துக்கொள்ளச் சம்மதித்தால் எத்தனை வேண்டுமானாலும் இலவசம் என்றார்கள். பந்தி திறந்திருக்கிறது என்றால் இலை போடத் தயங்குகிற ஆட்களா நாம்? மகளின் பாலர் பள்ளி ஆண்டு விழா, தைப்பூசக் காவடி, கட்டைவிரல் எல்லாவற்றையும் ஏற்றினேன். 2021 ஜூன் 1ஆம் தேதி பந்தி முடிந்தது. அன்றைக்கு மேல் ஏறுகிற படமெல்லாம் 15 ஜிபி கணக்கில்; ஜிமெயிலும் மற்றக் கோப்புகளும் அதே 15க்குள். முன்பே சாப்பிட்டதற்கு இலைக்காசு கேட்கவில்லை, அந்த மட்டும் நாணயம். பிறகு 2024 வாக்கில் ஆண்ட்ராய்டுக்காரர்களின் வாட்ஸ்அப் காப்புப் பிரதியும் இந்த 15க்குள் வந்து உட்கார்ந்தது. ரோஜாக்கள் குடும்பத்தோடு குடிவந்துவிட்டன என்று அர்த்தம்.

மேசைக் கோடியில் அதுவரை பேசாமல் தோசை பிய்த்துக்கொண்டிருந்த பெரியவர், எழுபதைத் தாண்டியவர், "அப்போ இது கிட்டங்கிதானேப்பா?" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. மார்க்கெட் ஸ்திரீட்டில் ஒரு காலத்தில் நகரத்தார் கிட்டங்கிகள் இருந்தன. நீளமான ஒரே கூடம், அதில் வரிசையாகப் பெட்டியும் கணக்குமேசையும். ஒவ்வொரு பெட்டியும் தனித்தனி வட்டிக்கடை. ஒருவருக்குக் கிடைப்பது ஒரு பாய் விரிக்கிற இடம். பகலில் அதில் வியாபாரம், இரவில் அதிலேயே தூக்கம். டேங்க் ரோட்டில் 1859ல் தண்டாயுதபாணிக்குக் கோயில் கட்டிய கூட்டம் இப்படி ஒண்டுக்குடித்தனமாகத்தான் தொழில் நடத்தியது. மொத்தமாக ஒரு கட்டடம், அதைத் துண்டுபோட்டுப் பலருக்குக் கொடுப்பது, அவரவர் பெட்டிக்கு அவரவர் சாவி. அந்தச் சாவியைத்தான் இப்போது கடவுச்சொல் என்கிறோம். ஒரு வித்தியாசம் உண்டு: செட்டியார் தன் பெட்டிக்குப் பக்கத்திலேயே படுத்தார். நம் பெட்டி எந்த ஊரில் கிடக்கிறது என்றே நமக்குத் தெரியாது.

மேகம் என்று பெயர் வைத்தவன் விவரமானவன். கிடங்கு என்று உண்மையைச் சொல்லியிருந்தால் வாடகை எவ்வளவு, எலி உண்டா என்றெல்லாம் கேட்டிருப்போம். நம்மூரில் அந்த மேகங்கள் ஜூரோங் வெஸ்ட்டிலும் தஞ்சோங் கிளிங்கிலும் சன்னல் குறைந்த அடுக்குமாடிகளாக நிற்கின்றன. ஃபேஸ்புக்காரர்கள் தஞ்சோங் கிளிங்கில் கட்டியது பதினோரு மாடி. 2020 கணக்குப்படி சிங்கப்பூரின் மொத்த மின்சாரத்தில் ஏறக்குறைய 7 விழுக்காடு தரவு மையங்களுக்கே போயிற்று. இந்த மின்பசியால்தான் 2019 முதல் 2022 வரை புதிய மையங்களுக்கு அரசாங்கம் அனுமதி தராமல் நிறுத்தி வைத்தது. மேகத்துக்கே வீவக வரிசை. மேகங்கள் என்ன செய்தன? சனிக்கிழமை பெட்ரோலுக்கும் மளிகைக்கும் நாம் என்ன செய்கிறோமோ அதையே செய்தன: பாலத்தைத் தாண்டி ஜோகூருக்குப் போய்விட்டன.

இதையெல்லாம் வீட்டில் வந்து விளக்கினேன். 2024 செப்டம்பரில் லோயாங்கில் ஒரு தரவு மையத்தின் பேட்டரி அறை தீப்பிடித்ததையும் சொன்னேன். "மேகத்துலயுமா தீப்பிடிக்கும்?" என்றாள் மனைவி. "அதைத்தான் மின்னல்ங்கிறது" என்றேன். அன்றைக்கு ரசத்தில் உப்பு இல்லை.

அப்புறம் மகள் வந்து உட்கார்ந்தாள். "அப்பா, எது நல்லதுன்னு பார்க்காதீங்க. எதுலேர்ந்து வெளியே வர முடியும்னு பாருங்க." கூகுளை விட்டுப் போகிறவர்களுக்கென்றே ஒரு வசதி இருக்கிறதாம், பெயர் டேக்அவுட். அட, தபாவ்! நமக்குத் தெரியாத தபாவா என்று உற்சாகமாக அமுக்கினேன். பொட்டலங்கள் 2 ஜிபி அளவில் கட்டப்படும் என்றது. 2015லிருந்து சேர்ந்த சாப்பாட்டுக்கு எத்தனை பொட்டலம் என்று மனக்கணக்குப் போட்டேன், போட்டுவிட்டு மூடிவிட்டேன். பொட்டலத்தைப் பிரிக்கவும் இடம் வேண்டும், அது என் மடிக்கணினியில் இல்லை. வீடு மாறுவதற்குச் சாமான் தூக்குவோர் வேண்டும், லாரி வேண்டும், பழைய சாமானைப் பார்த்துக் கண்கலங்காத மனசு வேண்டும். முதலறையை இலவசமாகக் கொடுத்தவன் இதைத் தெரிந்துதான் கொடுத்தான்.

மனைவியின் ஐகிளவுட்டைக் குடும்பத்தோடு பகிர்ந்துகொள்ளலாமே என்ற யோசனையும் வந்தது. அதற்கு நான் ஐபோன் வாங்க வேண்டும். அரிசி மலிவாகக் கிடைக்கிறது என்று வயல் வாங்கிய கதையாகிவிடும்.

ஆக இருந்த இடத்திலேயே 100 ஜிபிக்கு மாத வாடகை பேசி முடித்தேன். ஒரு பிளேட் பரோட்டாவுக்கு ஆகிற காசுதான். ஆனால் பரோட்டா என்றைக்காவது தீரும். அது போதாதென்று சிம் லிம் சதுக்கத்துக்குப் போய் ஒரு 2 டெராபைட் வன்தட்டும் வாங்கினேன். முக்கியமான படங்களின் இன்னொரு நகல் அதில். வீட்டில் அதை எங்கே வைப்பது என்பதில் பிரச்சினையே இல்லை. குண்டு விழுந்தாலும் தாங்க வேண்டும் என்று அரசாங்கம் இரும்புக் கதவும் தடித்த சுவரும் வைத்துக் கட்டிக் கொடுத்த காப்பறை ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. அதற்குள் மனிதர்கள் நுழைந்து பல வருஷம் ஆகிறது. மாமியாரின் பித்தளை அண்டா, மகளின் உடைந்த மிதிவண்டி, 2019ல் வாங்கிய குக்கரின் அட்டைப்பெட்டி. அந்தப் பெட்டிக்குள்தான் இப்போது வன்தட்டு இருக்கிறது. ரசீதை மட்டும் மேகத்தில் வைத்திருக்கிறேன்.

வாடகை கட்டி மூன்று மாதம் ஆகிறது. போன வாரம் கணக்குப் பார்த்தேன்: 100ல் 38 ஜிபி போய்விட்டது. மகள் திறந்து காட்டினாள், பாதிக்கு மேல் வாட்ஸ்அப். ஆகவே உறவினர்களே, பழைய மாணவர் சங்கத்தாரே, புளோக் முழுக்க இருக்கும் நல்லுள்ளங்களே, உங்களுக்கு ஒரு வேண்டுகோள். காலை வணக்கத்தை எழுத்தில் அனுப்புங்கள். பூ வேண்டாம். முடியவே முடியாது என்றால் தேக்கா சந்தையில் ஒரு முழம் மல்லிகை வாங்கி வீட்டுக்கே வாருங்கள். காப்பி தருகிறேன்.