கழுகு வேண்டாம், சார்

மண்டபம் கிடைத்துவிடும். முகூர்த்தமில்லாத ஆடி மாதத்தில் கல்யாண மண்டபக்காரர் பாதி வாடகைக்கே சாவியைத் தூக்கிக் கொடுத்துவிடுவார். பதினொரு மணிக்கு வடையும் டீயும், மதியம் தக்காளி சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் ஒரே போனில் முடிந்துவிடும். முடியாதது ஒன்றுதான். நிகழ்ச்சி நிரலில் ‘சிறப்பு விருந்தினரின் ஊக்கவுரை – 45 நிமிடம்’ என்று ஒரு வரி இருக்கிறதே, அது.

அங்கன்வாடி மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றபின், எங்கள் பக்கத்தில் ஒரு சின்ன அறக்கட்டளை நடத்தும் பயிற்சிகளுக்கு ஆள் பிடித்துத் தருவது என் வேலையாகிவிட்டது. பயிற்சிக்கு வருகிறவர்கள் அங்கன்வாடிப் பணியாளர்கள், மழலையர் பள்ளி டீச்சர்கள். இவர்களுக்கு ஊக்கம் கொடுக்க ஆள் தேடுவது ஏன் கஷ்டம் என்றால், இவர்கள் ஏற்கெனவே பார்க்காத வித்தை கிடையாது.

காலையில் மையத்தைத் திறந்து, கூட்டி, அழுகிற பிள்ளையை அம்மாவின் முந்தானையிலிருந்து விரல் விரலாகப் பிரித்தெடுத்து, மூக்கைத் துடைத்து, செல்போனில் போஷன் டிராக்கர் செயலியைத் திறந்து, அது சுற்றிக்கொண்டே இருப்பதைப் பார்த்தபடி பாட்டுச் சொல்லிக்கொடுத்து, எடை பார்த்து, முட்டை உரித்து, சத்துமாவுக் கணக்கு எழுதி, பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டு, வாக்காளர் பட்டியலைத் தூக்கிக்கொண்டு தெருத் தெருவாகப் போகிறவர்கள். 1975 அக்டோபர் 2 அன்று ஐ.சி.டி.எஸ். என்ற ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியதிலிருந்து இவர்கள் தலையில் வேலை ஏறியிருக்கிறதே தவிர இறங்கியதாக எனக்கு நினைவில்லை. தமிழ்நாட்டில் இப்படி 54,000-க்கும் மேற்பட்ட மையங்கள். மூன்று வயதுக்காரர்கள் இருபது பேரை ஒரு பாயில் உட்காரவைக்கத் தெரிந்தவருக்கு, மேடையில் இருப்பவரிடம் சரக்கு இருக்கிறதா இல்லையா என்பது முதல் நிமிடத்திலேயே தெரிந்துபோகும். மூன்று வயதுப் பிள்ளை என்றால் எழுந்து போய்விடும். இவர்கள் போகாததற்குக் காரணம் பயணப்படி.

விசாரித்தவுடன் வந்து விழுகிறவர் தன்னம்பிக்கைப் பேச்சாளர். கத்திரி வெயிலில் கோட்டுப் போட்டிருப்பார். கன்னத்தோடு ஒட்டிய மைக். “குட் மார்னிங்!” என்பார். அரங்கம் திருப்பிச் சொல்லும். “சத்தம் பத்தலையே!” என்பார். இதைக் கேட்டதும் நம் டீச்சர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். அவர்கள் தினமும் காலையில் பிள்ளைகளிடம் செய்வதுதானே இது. பிள்ளைகளிடமாவது பலிக்கும்.

அதன்பிறகு கழுகு வரும். தமிழ்நாட்டில் எந்தப் பயிற்சியிலும் கழுகு வராமல் மதியச் சாப்பாடு வராது. கழுகு எழுபது ஆண்டு வாழுமாம். நாற்பது வயதில் அலகு வளைந்து, நகம் தளர்ந்து, சிறகு கனத்துப் போகுமாம். உடனே அது மலையுச்சிக்குப் போய், அலகைப் பாறையில் மோதி உடைத்துக்கொண்டு, புது அலகு முளைக்கும்வரை காத்திருந்து, அந்த அலகால் நகங்களைப் பிடுங்கி, புது நகத்தால் சிறகுகளைப் பிய்த்து, ஐந்து மாதம் கழித்துப் புதுப் பறவையாக எழும்பி இன்னும் முப்பது ஆண்டு வாழுமாம். “நீங்கள் கழுகா, காக்கையா?” என்று கேட்டுவிட்டுப் பேச்சாளர் தண்ணீர் குடிப்பார்.

இதில் ஒரு வரிகூட உண்மை இல்லை. நம் நகம் எதனால் ஆனதோ அதே பொருளால்தான் அலகின் மேலுறையும் ஆனது. வளர்ந்துகொண்டும் தேய்ந்துகொண்டும் இருப்பது. அதை அடியோடு உடைத்துக்கொண்ட கழுகு பட்டினியால் செத்துப்போகும். காட்டில் அது முப்பது வயதைத் தொடுவதே பெரிய விஷயம். ஆனால் எங்கள் ஆட்களுக்குப் பறவையியல் தேவைப்படவில்லை. பின்வரிசையில் இருந்த ஒரு டீச்சர் எழுந்து, “அஞ்சு மாசம் என்ன சார் சாப்பிடும்?” என்று கேட்டார். பேச்சாளர் மன உறுதியைப் பற்றி ஏதோ சொன்னார். “இல்ல சார், அஞ்சு மாசம் சாப்பிடலேன்னா வளர்ச்சி அட்டையில ஆரஞ்சுக்குப் போயிருக்குமே. யாரும் ரெஃபர் பண்ணலையா?” என்றார் அந்த அம்மாள். கேலியாகக் கேட்கவில்லை. கடுமையான எடைக்குறைவு என்று தெரிந்தும் மேலிடத்துக்குத் தெரிவிக்காமல் விட்டால் விளக்கம் கேட்பார்கள். அந்தக் கவலை.

கழுகுக்கு அடுத்தது எடிசன். பள்ளியில் கொடுத்தனுப்பிய கடிதத்தில் ‘உங்கள் மகன் மூளை வளர்ச்சியற்றவன், இனி அனுப்பாதீர்கள்’ என்றிருந்ததாம். அம்மா அதை மாற்றி, ‘உங்கள் மகன் மேதை, அவனுக்குச் சொல்லிக்கொடுக்கும் தகுதி எங்களுக்கு இல்லை’ என்று படித்துக் காட்டினாராம். ஆசிரியர் ஒருவர் சிறுவன் எடிசனை மந்தபுத்தி என்று சொன்னதும், அம்மா கோபித்துக்கொண்டு வீட்டிலேயே பாடம் சொல்லிக்கொடுத்ததும் உண்மை. இந்தக் கண்ணீர்க் கடிதம் பிற்பாடு யாரோ எழுதிச் சேர்த்தது. அது போகட்டும். எனக்குப் புரியாதது வேறு. அரங்கம் நிறைய டீச்சர்களை உட்காரவைத்து, டீச்சரே வில்லனாக வரும் கதையைச் சொல்லி, முடிவில் கைதட்டவும் சொல்வதற்கு எவ்வளவு தைரியம் வேண்டும்!

டாக்டர்கள் வருவார்கள். படங்களில் நரம்பணுக்கள் மின்னும். மூளை வளர்ச்சியில் பெரும்பகுதி ஆறு வயதுக்குள் முடிந்துவிடும் என்பார்கள். ஒருவர் எண்பது சதவீதம் என்றால் அடுத்தவர் தொண்ணூறு என்பார், ஏலத்தில் ஏறுவதுபோல. பட்டிமன்றக்காரர் வந்தால் மாமியார் ஜோக்குக்கு அரங்கம் அதிரும். மறுநாள் அழுகிற பிள்ளைக்கு அந்த ஜோக்கைச் சொல்ல முடியாது.

அறக்கட்டளைக் கூட்டத்தில் யாரைக் கூப்பிடலாம் என்று பேச ஆரம்பித்தால், எல்லாருக்கும் பிடித்தவர்கள் எல்லாம் காலமானவர்களாக இருக்கிறார்கள். ஒருவர் அழ. வள்ளியப்பா என்றார். வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் பாட ஆயிரக்கணக்கில் பாட்டு எழுதிய மனிதர், இவரைவிடப் பொருத்தமாக யார் உண்டு? அவர் போனது 1989-இல். தேதி கேட்க முடியாது.

இன்னொருவர் மரியா மாண்டிசோரி என்றார். சிரித்தோம். ஆனால் யோசித்துப் பார்த்தால் சிறப்பு விருந்தினர் என்றால் அவர்தான். 1939-இல், அறுபத்தொன்பது வயதில், அடையாறு பிரம்மஞான சபை அழைத்து, மகன் மரியோவோடு சென்னைக்கு வந்தார். சில மாதப் பயிற்சி, பிறகு ஊர் சுற்றிச் சில உரைகள் என்பதுதான் திட்டம். ஆல்காட் தோட்டத்தில் ஓலைக் கொட்டகை போட்டு முந்நூறு பேர்போல உட்கார்ந்து கேட்டார்கள். அம்மையார் இத்தாலிய மொழியில் பேச, மகன் ஆங்கிலத்தில் சொல்வார். 1940-இல் இத்தாலி போரில் இறங்கியதும் பிரிட்டிஷ் அரசுக்கு இருவரும் எதிரி நாட்டுப் பிரஜைகள். மகனைத் தடுப்புக்காவலில் வைத்தார்கள், அம்மாவை அடையாறு வளாகத்தை விட்டு வெளியே போகாதே என்றார்கள். ஆகஸ்டில் அவருடைய எழுபதாவது பிறந்தநாளுக்கு மகனை விடுதலை செய்து அனுப்பிவைத்தார்கள். கோடைக்கானலிலும் கொஞ்ச காலம் இருந்தார். ஐரோப்பா திரும்பியது 1946-இல். நாற்பத்தைந்து நிமிடம் கொடுத்தால் ஒன்றரை மணி நேரம் பேசுகிறார்களே என்று நாங்கள் அலுத்துக்கொள்கிறோம். அடையாறுக்காரர்களுக்கு வந்த விருந்தினர் கிட்டத்தட்ட ஏழு வருஷம் தங்கிவிட்டார். அந்தக் காலத்துக்குள் நாடெங்கும் எத்தனையோ ஆசிரியர்கள் தயாரானார்கள் என்பது வேறு விஷயம். அடையாறில் அன்று பொருளாளராக இருந்தவரின் மனநிலையைத்தான் நான் நினைத்துப் பார்க்கிறேன்.

சரி, வெளியாளே வேண்டாம், நம்மில் ஒருவரையே பேசச் சொல்வோம் என்று முடிவானது. பக்கத்து வட்டாரத்தில் ஒரு டீச்சர். புதிதாகச் சேர்ந்து ஓலமிடுகிற பிள்ளையிடம் அவர் ‘அழாதே’ என்று ஒருநாளும் சொன்னதில்லை. கையில் நாலு டம்ளரைக் கொடுத்து, “இதை ஆயாகிட்ட எண்ணிக் கொடுத்துட்டு வா, அப்புறம் அழலாம்” என்பார். பிள்ளை போய்த் திரும்புவதற்குள் எதற்கு அழுதோம் என்பது அதற்கே மறந்திருக்கும். இதை அப்படியே சொன்னால் போதும் என்று கெஞ்சி வரவழைத்தோம். அவர் பட்டுப்புடவையில் வந்தார். மைக்கின் முன் நின்று, நாலாய் மடித்த தாளைப் பிரித்தார். மேடையில் இருந்தவர்களுக்கும், மேடையில் இடம் கிடைக்காதவர்களுக்கும் ஒவ்வொருவராக வணக்கம் சொல்லி முடித்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, “எழுபது ஆண்டுகள் வாழும் பறவை எது தெரியுமா?” என்றார்.

எங்கள் பயிற்சியில்தான் கேட்டாராம்.

அதற்குப்பின் யாரைக் கூப்பிட்டாலும் போனிலேயே மூன்று கேள்வி கேட்டுவிடுகிறேன். தரையில் உட்காருவீர்களா? மைக் இல்லாமல் பேசுவீர்களா? கழுகு உண்டா? கோட்டுக்காரர்கள் முதல் கேள்வியிலேயே ‘வேறு நிகழ்ச்சி இருக்கிறது’ என்றுவிடுவார்கள். மூன்றையும் தாண்டி வந்தவர் ஒரு பேச்சுப் பயிற்சியாளர். பேச்சு வராத பிள்ளைகளுக்குப் பேசச் சொல்லிக்கொடுக்கிறவர். பஸ்ஸில் வந்து இறங்கினார். பாயில் உட்கார்ந்துகொண்டு, “உங்க மையத்துல இன்னும் பேசாத பிள்ளை யாராவது உண்டா?” என்று கேட்டார். அவ்வளவுதான். ஒவ்வொரு டீச்சருக்கும் ஒரு பிள்ளை நினைவுக்கு வந்துவிட்டது. ஒருவர் தன் மையத்துப் பையனைப் பற்றி, “அவங்க அம்மா காது கேக்குதுன்னுதான் சொல்றாங்க, தட்டு விழுந்தா திரும்பிப் பாக்குறானாம்” என்றார். தட்டு விழும் சத்தம் கேட்கிற காதுக்கும் பேச்சின் மெல்லிய ஒலிகள் கேட்காமல் போகலாம் என்றார் இவர். இரண்டு வயதில் இரண்டு சொல்லைச் சேர்த்துச் சொல்லவில்லை என்றால் முதலில் காதைச் சோதிக்க வேண்டும், ‘எங்க வீட்டுல அவங்க அப்பாவும் லேட்டாதான் பேசினாரு’ என்பதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கக் கூடாது என்றார். மாவட்ட அரசு மருத்துவமனையில் இதற்கென்று இருக்கும் மையத்துக்கு எப்படி அனுப்புவது, எந்தச் சீட்டு வேண்டும், எல்லாம் வந்தது. அதற்குள் டீச்சர்களே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்திருந்தார்கள். வடை ஆறிப்போனதை யாரும் கவனிக்கவில்லை. எங்கள் பயிற்சி வரலாற்றில் இது முதல்முறை.

மாலையில் கருத்துப் படிவங்களைப் பிரித்தால் ஒருவர் எழுதியிருந்தார்: ‘நிகழ்ச்சி பயனுள்ளதாக இருந்தது. ஆனால் சிறப்பு விருந்தினர் சரியாகப் பேசவில்லை. எங்களையே பேசவைத்துவிட்டார்.’

கணக்கருக்கு இதைவிடப் பெரிய சிக்கல். மதிப்பூதியம் நாற்பத்தைந்து நிமிட உரைக்கு. விருந்தினர் பேசியது மொத்தம் பதினைந்து நிமிடம்கூட இருக்காது என்று அவர் பின்னாலிருந்து பார்த்துக் குறித்து வைத்திருக்கிறார். மிச்ச நேரத்துக்கு யார் பேசினார்கள் என்றார். எல்லாரும்தான் என்றேன். அப்படியானால் தணிக்கைக்கு எல்லாரிடமும் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்து வாங்கித் தாருங்கள் என்று பற்றுச்சீட்டுக் கட்டை என் பக்கம் தள்ளினார்.