வம்புச் சந்தையின் வாடிக்கையாளர்

வம்பை விலைக்கு வாங்குகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. அதற்கென்றே சந்தை கூடுவதாகப் பெயரெடுத்த ஊர், அயர்லாந்தில் டப்ளினை ஒட்டியிருந்த டானிபுரூக். 1204-இல் இங்கிலாந்து மன்னர் ஜான் கொடுத்த பட்டயத்தில் பிறந்த சந்தை அது. பிற்காலத்தில் ஆகஸ்ட் 26 வந்தால் டாடர் ஆற்றங்கரையில் கூடாரங்கள் முளைத்துவிடும். குதிரை வாங்கவும் விற்கவும் ஜனம் குவியும்.

வம்பு வாங்க வரும் நம்ம வாடிக்கையாளர் குதிரைக்காக வந்தவர் இல்லை. கையில் கருமுள் மரத்தடி, 'ஷிலேலி' என்பார்கள். நாலு மடக்கு விஸ்கி உள்ளே போனதும் கோட்டைக் கழற்றுவார். புழுக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். காலரை ஒரு கையால் பிடித்து, கீழ்முனை புழுதியில் புரள, தரதரவென்று இழுத்துக்கொண்டே நடப்பார். "ஆம்பளையா இருந்தா இதை மிதிச்சுப் பாருங்கடா!" ஒதுங்கிப் போகிறவரைக் கண்டால் அவர் முகம் சுண்டிவிடும். மிதிக்க ஒருவன் அகப்பட்டானோ, மகளுக்கு வரன் குதிர்ந்த மாதிரி பூரித்துப்போவார். அப்புறம் கேள்வி ஏது, விசாரணை ஏது? கூடாரத் துணியில் எங்கே ஒரு தலை புடைத்துத் தெரிகிறதோ அங்கே ஒரு போடு. அது சொந்த மச்சானுடைய தலையா என்பதெல்லாம் மறுநாள் கட்டுப் போடும்போது பேசிக்கொள்ளலாம்.

இந்தப் படத்தில் பாதி, இங்கிலாந்துக் கேலிச்சித்திரக்காரர்கள் அப்பிய வர்ணம். ஆளப்படுகிறவன் முரடனாக இருப்பதில் ஆளுகிறவனுக்கு ஒரு சௌகரியம். ஆனால் மீதிப் பாதிக்கு டப்ளின்வாசிகளே சாட்சி. தொல்லை பொறுக்காமல் பிரமுகர்கள் பணம் திரட்டி, சந்தை நடத்தும் உரிமையை 3,000 பவுண்டுக்கு வாங்கி, 1855-இல் இழுத்து மூடினார்கள். நிஜமாகவே வம்பை விலைக்கு வாங்கியவர்கள் இவர்கள்தான்!

பெயரை மட்டும் மூட முடியவில்லை. 'டானிபுரூக்' என்றாலே ஆங்கிலத்தில் ஊர் கூடிப் போடும் அடிதடி என்று ஆகி, கப்பலேறி அமெரிக்கா, கனடா வரை போய்விட்டது. பனி ஹாக்கியில் இரண்டு அணிகளும் மட்டையை வீசிவிட்டுக் கட்டிப் புரண்டால் அதற்கும் இதுதான் பெயர்.

ஊர் என்னவோ திருந்திவிட்டது. இன்று அது டப்ளினின் பணக்காரப் பேட்டை. சந்தையின் பெயரையே சூடிக்கொண்டு உயர்தர மளிகைக் கடைகள் நடக்கின்றன. பாலாடைக்கட்டியின் விலைச்சீட்டைப் பார்த்துத்தான் இனி யாருக்காவது கை துறுதுறுக்க வேண்டும்.