ஆறு அங்குலச் சந்து: பொழிச்சலூர்ச் சமையலறைச் சேனல் சாத்திரம்

1863 மே 30 அன்று ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்தார். இந்தியத் தொல்பழங்கால ஆய்வு அந்தக் கல்லில்தான் பிள்ளையார் சுழி போட்டுக்கொண்டது. கோடரிக்கு உரியவரிடம் இழுப்பறை இருந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை. இருந்திருந்தால் கோடரி தொலைந்திருக்காது என்பதே இக்கட்டுரையின் முதல் கருதுகோள்.

பக்கத்து ஊரான பொழிச்சலூரில் சிக்கல் இன்னும் தீரவில்லை. மேடைக்கடியில் 14.2 கிலோ சிலிண்டருக்கு ஓரடிக்கு மேல் போய்விடும். சிங்க் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். கடைசியில் சுவரோரம் ஆறு அங்குலச் சந்து மிஞ்சும். “எண்ணெய் பாட்டிலெல்லாம் இதுல வச்சுக்கலாமா?” என்று வீட்டம்மா கேட்பார். “தாராளமா வைக்கலாம்மா, ஒரு சேனல் போட்டா போச்சு” என்பார் தச்சர். ஆய்வுலகம் மறுக்கவேண்டிய வாக்கியம் இதுதான்.

தச்சர்களின் கணக்கிலேயே பார்க்கலாம். ஓர் அங்குலத்துக்கு 8 நூல். ஆறு அங்குலம் என்றால் 48. பெட்டிச் சுவர் முக்கால் அங்குல ப்ளைவுட், இரு பக்கமும் சேர்ந்து 12 நூல் போயிற்று. டிராயரை ஓட்டும், கடையில் விற்கும் பால் பேரிங் டெலஸ்கோப்பிக் சேனலின் தடிமன் 12.7 மி.மீ., அதாவது பக்கத்துக்கு 4 நூல். ஜோடிக்கு 8 கழித்தால் மீதி 28. உள்ளே ஓடும் டிராயருக்கும் அரை அங்குலப் பலகைகள் உண்டே, அதற்கு இன்னொரு 8. கடைசியில் கிடைப்பது 20 நூல், இரண்டரை அங்குலம். ஒரு லிட்டர் எண்ணெய் பாட்டிலின் இடுப்பு மூன்று அங்குலத்தைத் தாண்டும். சந்தில் பாதிக்கு மேல் மரமும் இரும்புமே குடியிருக்கின்றன. சமையலறை அகலமானாலும் குறுகினாலும் சேனலின் தடிமன் மட்டும் மாறுவதில்லை.

இது போதாதென்று மைக்கா இன்னொரு சதி செய்கிறது. வெறும் ப்ளைவுட்டில் அளவெடுத்து, பிறகு ஒரு மி.மீ. மைக்காவை உள்ளே இருபுறமும் ஒட்டினால் இரண்டு மி.மீ. காலி. டிராயர் பாதி வழியில் முரண்டு பிடிக்கும். பொழிச்சலூர் அகத்தீஸ்வரர் கோயில் வட திருநள்ளாறு என்று பெயர்பெற்ற சனிப் பரிகாரத் தலம். சனிக்குரிய உலோகம் இரும்பு, நடையோ மந்தம். ஆகவே இதைச் சனியின் வேலை என்று சொல்லவும் இடமுண்டு. ஆனாலும் முதலில் மைக்காவை விசாரிப்பதே முறை.

சேனலின் பால் பேரிங்குக்கும் ஒரு பூர்வீகம் உண்டு: குண்டுகள்மேல் அச்சு உருளும் வழிக்கு வேல்ஸ் நாட்டு பிலிப் வான் 1794-இல் காப்புரிமை வாங்கினார். வண்டிக்காகத்தான், நல்லெண்ணெய்க்காக அல்ல. ஆஸ்திரியாவின் ஜூலியஸ் ப்ளூம் 1952-இல் தொழில் தொடங்கியது குதிரை லாடத்தில் பதிக்கும் ஆணியோடு. குதிரை வழுக்காமல் இருக்க வழிசெய்தவரின் நிறுவனம் இன்று வழுக்கி ஓடும் இழுப்பறைகளை உலகெங்கும் விற்கிறது.

இனி பொருத்துமுறை. சேனலை இரண்டாகப் பிரிக்கும் கறுப்புப் பிளாஸ்டிக் நாக்கை ஒரு பக்கம் மேலே தூக்க வேண்டும், மறுபக்கம் கீழே அழுத்த வேண்டும். இது தெரியாமல் பிடுங்கினால் குண்டுகள் கொட்டும். நீள்துளைகளில் முதலில் திருகி, ஓட்டிப் பார்த்து, நேரான பிறகே வட்டத்துளைகளில் திருக வேண்டும். திருகின் தலை தட்டையாக இருக்கட்டும், நீளம் பலகைக்குள் அடங்கட்டும். இரு சேனல்களும் ஒரே மட்டம் என்பதற்கு ரசமட்டமே சாட்சி, கண் அல்ல.

அகலத்தை மிச்சம்பிடிக்க அதே சேனலைப் படுக்கவைத்து அடியில் திருகுவோர் உண்டு. மிகத் தவறு. ஜோடிக்கு 35, 45 கிலோ என்று அட்டையில் போட்டிருப்பது நிமிர்ந்து நிற்கும் சேனலுக்கு. படுத்தால் தாங்கும் எடை கால் பங்காகக்கூடக் குறையும். பத்துப் பாட்டில் பத்துக் கிலோதானே என்றால், குறுகி உயர்ந்த கூடை எடையால் கெடுவதில்லை, ஆட்டத்தால் கெடுகிறது.

சத்தமின்றி மூடும் ‘சாஃப்ட் க்ளோஸ்’ தேவையா என்பது தனி விவாதம். மீனம்பாக்கம் விமான ஓடுபாதைக்கு அக்கம்பக்கத்தில் குடியிருப்பவர் அந்தக் காசை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கூடைக்குச் செலவிடலாம். நம் ஊர் ஈரப்பதத்தில் அது உழைக்கும்.

முடிவு இது: ஆறு அங்குலத்துக்குப் பலகை டிராயரும் பக்கச் சேனலும் ஆகாது. அந்த அளவுக்கென்றே 150 மி.மீ. பாட்டில் புல்-அவுட், கம்பிக் கூடையும் அதற்கென்றே செய்த அடிச்சேனலுமாகக் கிடைக்கிறது. நாலே அங்குலம்தான் என்றால் சேனலை மறந்துவிட்டுத் தாம்பாளங்களை நிறுத்தி வையுங்கள். எதுவானாலும், கடைக்குப் போகும்போது வீட்டிலுள்ள மிகப் பருத்த எண்ணெய் பாட்டிலைக் கையோடு கொண்டுபோய் உள்ளே இறக்கிப் பார்த்த பிறகே பணத்தைக் கொடுங்கள்.