சக்கரவர்த்திக்கு உண்ணி

நாய்க்கு உண்ணி பிடித்தால் ஊரே வைத்தியம் சொல்லும். வேப்பெண்ணெய் தடவு, வசம்பு அரைத்துப் போடு என்று பஸ் ஸ்டாப்பில் நிற்கிற முன்பின் தெரியாதவர்கூட நின்று நிதானமாக ஆலோசனை வழங்குவார். தேளுக்கு உண்ணி பிடித்திருக்கிறது என்று அவரிடமே சொல்லிப் பாருங்கள். முதலில் உங்கள் முகத்தைப் பார்ப்பார். அப்புறம் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். "நல்லதுதானே" என்று சொல்லிவிட்டு, வராத பஸ்ஸை நோக்கி நடக்க ஆரம்பித்துவிடுவார். திருடனுக்குத் தேள் கொட்டினால் வாய் திறக்க முடியாது என்பார்கள். தேளுக்கே ஒன்று என்றால் வீட்டுக்காரன் வாய் திறக்க முடியாது. இது அனுபவம்.

லண்டன் புறநகரில் இன்னும் கடன் கட்டி முடியாத ஒரு வீட்டுக்கு நான் தலைவன். தபால்காரர் அப்படித்தான் நம்பிக்கொண்டிருக்கிறார். வீட்டுக்குள் அதிகார வரிசை வேறு. முதலில் மனைவி, அடுத்து மகன், அடுத்து ஜன்னலோரம் தொட்டியில் நிற்கும் கறிவேப்பிலைச் செடி, அதற்கும் அடுத்து மாடிப்படிக்குக் கீழே கண்ணாடிப் பெட்டியில் குடியிருக்கும் தேள். பிறகுதான் நான். அம்பாசமுத்திரத்திலிருந்து அம்மா வந்து தங்கும் மாதங்களில் இன்னொரு படி இறங்கிக்கொள்வேன்.

ஊரில் எல்லாப் பிள்ளைகளும் நாய் கேட்கும், பூனை கேட்கும். என் மகன் விருச்சிக ராசி. அவன் தன் ராசியையே கேட்டான்.

சட்டம் என்னைக் காப்பாற்றும் என்று நம்பினேன். பிரிட்டனில் அபாயகரமான காட்டு விலங்குகளுக்கென்று 1976-இல் போட்ட சட்டம் ஒன்று இருக்கிறது. அதன் பட்டியலில் தேளும் உண்டு என்று பார்த்து, அன்றிரவு நிம்மதியாகச் சாப்பிட்டேன். மறுநாள் மகன் முழுவதையும் படித்துக் காட்டினான். நம்ம ஊர்ச் செந்தேள் சேர்ந்திருக்கும் பூதிடே குடும்பத்துக்குத்தான் கெடுபிடி. விரல் நீளம்கூட வராத அதை வளர்க்கக் கவுன்சிலில் உரிமம் வாங்க வேண்டும். ஒரு சாண் நீளத்தில், கன்னங்கரேலென்று, இரண்டு பெரிய இடுக்கிகளோடு வரும் மேற்கு ஆப்பிரிக்காவின் எம்பரர் தேளுக்கு எந்தக் காகிதமும் வேண்டாம். அதன் விஷம் பெரும்பாலானவர்களுக்குத் தேனீ கொட்டிய அளவுதானாம். வளர்ந்த பிறகு அது கொடுக்கைவிட இடுக்கியைத்தான் அதிகம் நம்புமாம். "அதனால பயப்படாதீங்கப்பா" என்றான். எனக்கு இடுக்கியைப் பற்றிய பயமும் சேர்ந்துகொண்டது.

அதன் அறிவியல் பெயர் பாண்டினஸ் இம்பரேட்டர். கானா, டோகோ, நைஜீரியா பக்கத்துப் பிரஜை. செல்லப் பிராணி வியாபாரத்துக்காகக் காட்டிலிருந்து மூட்டை மூட்டையாகப் பிடித்ததில், பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் 1995-இல் சேர்க்கப்பட்ட பெருமையும் உண்டு. பெயரிலேயே சக்கரவர்த்தி இருக்கும்போது வீட்டில் வேறு பெயர் வைக்கவில்லை. சக்கரவர்த்தி என்றே கூப்பிட்டோம். அது திரும்பிப் பார்த்ததில்லை.

அம்மா முதல் நாள் பார்த்ததும், "ஏல, இது நம்மூரு நட்டுவாக்காலில்லா? இதுக்கா காசு குடுத்த?" என்று செருப்பைத் தேடினாள். பேரனுடையது என்று தெரிந்ததும் செருப்பைக் கீழே போட்டுவிட்டு, "சாப்பிட்டுச்சா?" என்றாள். சங்கடம் அங்கேதான் ஆரம்பித்தது.

வளர்ந்த தேளுக்கு வாரத்துக்கு ஒன்றிரண்டு சில்வண்டு போதும். அதுவும் இல்லாமல் மாதக்கணக்கில் கிடந்தாலும் அது கவலைப்படாது. அசையாமல் உட்கார்ந்திருப்பதையே வாழ்க்கை முறையாக வைத்திருக்கும் ஜீவனுக்குச் செலவு என்ன இருக்கிறது? ஆனால் எங்கள் வீட்டில் ஒரு ஜீவன் பசியோடு தூங்குவது என்பது நடக்காத காரியம். மகன் வார முறைப்படி ஒன்று போடுவான். அவன் பள்ளிக்குப் போனதும், "முகம் வாடியிருக்கு" என்று மனைவி ஒன்று போடுவாள். தேளுக்கு முகம் எந்தப் பக்கம் என்று நான் கேட்டதில்லை. சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு அம்மா தன் பங்குக்கு ஒன்று. பெட்டியின் மூடியைத் திறக்கும் தைரியம் எனக்கு வராததால், இந்தப் புண்ணியத்தில் எனக்குப் பங்கில்லை.

தண்ணீர் விஷயத்திலும் தாராளம்தான். சக்கரவர்த்திக்கு நூற்றுக்கு எழுபத்தைந்து எண்பது ஈரப்பதம் வேண்டும் என்று மகன் சொல்லி வைத்திருந்தான். கறிவேப்பிலைக்குத் தண்ணீர் தெளிக்கப் போகும் மனைவி, போகிற வழியில் ஒரு முறையும் வருகிற வழியில் ஒரு முறையும் இங்கே தெளிப்பாள். பெட்டிக்குள் பரப்பியிருந்தது தென்னை நார்க்கழிவு. பொள்ளாச்சிப் பக்கம் மில் வாசலில் மலையாகக் குவிந்து கிடக்குமே, அதேதான். இங்கே அதைச் செங்கல்லாக அழுத்தி, பல்லிப் படம் போட்ட உறையில் சுற்றி, பவுண்டுக் கணக்கில் விற்கிறார்கள். ஊரில் மாமா சும்மா எடுத்துட்டுப் போங்க என்ற சரக்கை நான் கார்டு தேய்த்து வாங்கி வந்தேன்.

அந்த ஈரத்தில், சக்கரவர்த்தி தின்று முடிக்காத சில்வண்டுகளின் கால்களும் தலைகளும் புதைந்து ஊறின. மூடியில் காற்றோட்டம் கம்மி. மேலே பூஞ்சை படர்ந்தது. சில்வண்டு டப்பாவோடு வந்ததோ, மண்ணோடு வந்ததோ, சிற்றுண்ணி குடியேறியது.

ஒரு நாள் ராத்திரி மகன் என்னைக் கூப்பிட்டு டார்ச் பிடிக்கச் சொன்னான். தேளின் உடம்பு முழுக்கக் கவசம் என்று நினைத்திருந்தேன். அப்படியில்லை. முதுகுத் தகட்டுக்கும் வயிற்றுத் தகட்டுக்கும் நடுவே விலாவில் மெல்லிய, வெளிறிய தோல் ஓடுகிறது. கால்கள் உடம்போடு சேரும் இடங்களிலும் அதே தோல். அந்தத் தோலில் வெள்ளைப் பொட்டுகள் வரிசையாக ஒட்டியிருந்தன. ஒன்றும் நகரவில்லை. வாயருகே இருக்கும் குட்டி இடுக்கிகளின் இடுக்கிலும் நாலைந்து. தண்ணீர்த் தட்டின் விளிம்பில் மட்டும் சில பொட்டுகள் மெதுவாக ஊர்ந்துகொண்டிருந்தன. அதற்கப்புறம் டார்ச் வெளிச்சம் ஆட ஆரம்பித்துவிட்டது. "கையை ஆட்டாதீங்கப்பா" என்றான். ஆட்டியது நான் இல்லை, கைதான்.

சிற்றுண்ணியில் பல ஜாதி. காட்டில் பிடித்த தேள்களில் சில சமயம் சிவப்பாக ஒட்டியிருந்து, நிஜமாகவே உடம்புச் சாற்றை உறிஞ்சும் ரகம் உண்டு. எங்கள் வீட்டுக்கு வந்தது வெள்ளை ரகம். இது மண்ணில் அழுகியதைத் தின்னும் சாது. கூட்டம் பெருகி நிலைமை நெருக்கடியானால், இதன் வளர்ச்சியில் நடுவே ஒரு பருவம் வருகிறது. அந்தப் பருவத்தில் இதற்குச் சாப்பிட வாயே கிடையாது. பின்பக்கம் அடியில் ஒட்டுறிஞ்சிகள் மட்டும் இருக்கும். பக்கத்தில் நகர்கிற எதுவானாலும் தாவி ஒட்டிக்கொள்ளும். வேறு நல்ல இடம் வந்ததும் இறங்கி, அடுத்த பருவத்துக்கு மாறி, மறுபடி வாயோடு வாழும். புட்போர்டில் தொங்கிக்கொண்டு, டிக்கெட் எடுக்காமல், வேண்டிய நிறுத்தத்தில் குதித்துவிடும் பயணியைப் போலத்தான். கடிக்காது, குடிக்காது.

ஆனால் புட்போர்டில் எத்தனை பேர் தொங்கலாம் என்று ஒரு கணக்கு உண்டல்லவா? கூட்டம் அதிகமானால் மூட்டு மடங்காது, வாய் திறக்காது. வயிற்றுப் பக்கம் நான்கு ஜோடி மூச்சுத் துளைகள் இருக்கின்றன, அவையும் அடைபடலாம். குட்டித் தேளானால் சட்டை உரிக்கும்போது உண்ணியையும் சேர்த்துக் கழற்றிப் போட்டுவிட்டு நடந்துவிடும். வயசுக்கு வந்த தேள் அதன்பின் சட்டை உரிப்பதில்லை. ஏறியவர்களை இறக்கிவிட சக்கரவர்த்தியிடம் வழியே இல்லை.

"இதுக்குப் போய் இவ்வளவு யோசனையா, ஒரு ஸ்ப்ரே அடிச்சா முடிஞ்சது" என்றேன். வீட்டுத் தலைவன் இந்த மாதிரி சமயத்தில் ஏதாவது ஒன்றைத் தீர்மானமாகச் சொல்ல வேண்டும்.

மகன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். "அப்பா, ரெண்டுமே அராக்னிட். எட்டுக் கால் குடும்பம். உண்ணியைக் கொல்ற மருந்து தேளையும் கொன்னுடும்."

அதாவது, இது பங்காளிச் சண்டை. ஒரே கொடிவழி. ஒருவர் கூரைக்கு வைத்த நெருப்பு அடுத்தவர் கூரைக்கும் தாவும். பங்காளிச் சண்டையில் வெளியாள் புகுந்தால் என்ன ஆகும் என்று தாமிரபரணிக்கரையில் வயல் வைத்திருந்த குடும்பத்துப் பிள்ளைக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஸ்ப்ரேயை அலமாரியிலேயே விட்டுவிட்டேன்.

கால்நடை மருத்துவமனை ஒன்றுக்குப் போன் செய்தேன். எடுத்த பெண் மிகவும் பரிவோடு, "வழக்கம்போல் சுறுசுறுப்பாக இருக்கிறாரா?" என்று கேட்டாள். தேள் வழக்கமாகவே சுறுசுறுப்பாக இருப்பதில்லை என்று விளக்கினேன். "யார்?" என்றாள். மறுபடி சொன்னேன். நாங்கள் முதுகெலும்பு உள்ளவர்களை மட்டுமே பார்க்கிறோம் என்றாள். அந்த விதிப்படி என்னையும் பார்க்க மாட்டார்கள்.

ஆக, சிகிச்சை வீட்டோடு. சிற்றுண்ணிக்கு உடம்பு மெல்லிசு. காய்ச்சலில், அதாவது வறட்சியில், வதங்கிச் செத்துவிடும். சக்கரவர்த்தியோ ஈரத்தில் பிறந்த பிரபு. உண்ணி சாகிற அளவுக்குக் காய வேண்டும், பிரபு வதங்குகிற அளவுக்குக் காயக் கூடாது. வெறும் பிளாஸ்டிக் பெட்டியில் கிச்சன் காகிதத்தை விரித்து, குடிக்க ஒரு தட்டில் தண்ணீர் மட்டும் வைத்து, காகிதத்தை அடிக்கடி மாற்றி அங்கே கொஞ்ச நாள் வைப்பது என்று முடிவானது.

இடமாற்ற வைபவத்துக்கு நான் பேண்ட்டைச் சாக்ஸுக்குள் திணித்து, பனிக்காலக் கையுறை மாட்டி, குக்கர் மூடியை மார்புக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றேன். மகன் அரைக்கால் சட்டையோடு வந்தான். நுனியில் ஸ்பாஞ்சு சுற்றிய நீளமான இடுக்கியால் வாலைக் கொடுக்குக்குக் கீழே மெதுவாகப் பிடித்து, பெட்டி மாற்றி வைத்தான். சக்கரவர்த்தி தூக்கத்தில் இடம் மாறியது போல இருந்தார். நான் மட்டும் உட்கார்ந்து தண்ணீர் கேட்டேன்.

அடுத்தது, ஒட்டியிருப்பவர்களை ஒவ்வொருவராக எடுப்பது. சில நிமிஷம் குளிரில் வைத்தால் தேள் மந்தமாகிவிடும், சுலபமாக வேலை முடியும், பிரிட்ஜில் வைக்கலாமா என்று மகன் கேட்டான். "மாவு இருக்கிற பிரிட்ஜிலயா?" என்றாள் மனைவி. அதற்கு மேல் மருத்துவ விவாதம் எதுவும் நடக்கவில்லை. தேள் விழித்திருக்க, மகன் ஸ்பாஞ்சு இடுக்கியால் வாலை அழுத்திக்கொள்ள, அவனுடைய ஓவிய வகுப்புத் தூரிகைகளில் ஆக மெல்லியதன் நுனியில் துளி வாஸலின் தொட்டு, மனைவி ஒவ்வொரு பொட்டாக ஒற்றி எடுத்தாள். வயிற்றுத் துளைகளில் வாஸலின் பட்டுவிடக் கூடாது, பட்டால் மூச்சு அடைக்கும் என்று மகன் சொல்லிக்கொண்டே இருந்தான். எனக்கு அது இல்லாமலே அடைத்தது.

பழைய மண் குப்பைக்குப் போனது. பெட்டிக்குக் கொதிநீர்க் குளியல். மூடியில் புதிதாகத் துளைகள். எல்லாம் முடிந்த பிறகு மகன் ஒரு குப்பி வரவழைத்தான். மேலே 'உயிருள்ளவை' என்று எழுதியிருந்தது. திறந்து பார்த்தேன். உள்ளே உண்ணி.

காசு கொடுத்து உண்ணி. தபால் செலவு தனி.

இதுவும் பங்காளிதானாம், மூன்றாவது வீட்டுக்காரர். ஹைப்போஆஸ்பிஸ் என்ற பழைய பெயரில் தோட்டக்காரர்களுக்கு விற்கிறார்கள். இப்போதைய பெயர் ஸ்ட்ராட்டியோலேலாப்ஸ். மண்ணின் மேல்பரப்பில் ஓடித் திரிந்து மற்ற உண்ணிகளையும் பூச்சிப் புழுக்களையும் வேட்டையாடும். தேளைத் தொடாது. இரை தீர்ந்ததும் தானும் தேய்ந்து இல்லாமல் போய்விடும். வேலை முடிந்ததும் சொல்லாமல் கிளம்பிப் போகிற உறவுக்காரர்களை நான் அதற்கு முன் சந்தித்ததில்லை. மண்ணில் தூவிவிட்டு, சக்கரவர்த்தியைப் பழைய அரண்மனைக்கே அழைத்து வந்தோம்.

ஆனால் மருந்தும் வேட்டையும் பாதிதான். மிச்சச் சில்வண்டு கிடக்கக் கூடாது, ஒரு பக்கம் மட்டும் ஈரம், வாரத்துக்கு ஒரு தீனி: இதைக் கடைப்பிடிக்காவிட்டால் உண்ணி திரும்ப வரும். மகன் அட்டவணை எழுதிப் பெட்டியில் ஒட்டினான். ஒருவரும் மதிக்கவில்லை. பட்டினி போடுவதும் ஒரு வகைப் பரிவுதான் என்று நான் சின்னச் சொற்பொழிவே ஆற்றினேன். மனைவி என் இரண்டாவது தட்டு சோற்றைப் பார்த்தாள். சொற்பொழிவு முடிந்தது.

கடைசியில் அம்மாதான் வழி கண்டாள். "பாவம், அதுக்கு விரதம்னு வச்சுக்கிடுவோம்யா. வெள்ளிக்கெழம மட்டும் சாப்பாடு. மத்த நாளு ஆரும் அதோட விரதத்தக் கெடுத்துப் பாவத்தத் தேடிக்கிடாதீய." அட்டவணைக்கு அடங்காத வீடு விரதத்துக்கு அடங்கிவிட்டது. தேளுக்குத் தெரியாமல் தீனி போடலாம், தெய்வத்துக்குத் தெரியாமல் எப்படிப் போடுவது?

உண்ணி ஒழிந்தது. குப்பியில் கொஞ்சம் வேட்டை உண்ணி மிச்சம் இருந்தது. அது நாள்பட வைக்கிற சரக்கில்லை. காசு கொடுத்ததை வீணாக்க மனசு வராமல், மனைவி அதைக் கறிவேப்பிலைத் தொட்டியில் கொட்டினாள். பனிக்காலம் முழுக்க அந்தத் தொட்டி மண்ணிலிருந்து குட்டிக் கறுப்பு ஈக்கள் கிளம்பிக் காபி டம்ளரில் விழுந்துகொண்டிருந்தன. அந்த ஈயின் புழுவைத் தின்பதுதான் இந்த உண்ணிக்குப் பரம்பரைத் தொழிலாம். சில வாரத்தில் ஈ குறைந்தது. செடியும் துளிர் விட்டது. "தேளு வந்த நேரம்" என்று அம்மா தீர்ப்புச் சொன்னாள்.

போன வெள்ளிக்கிழமை சக்கரவர்த்தி விரதம் முடித்துக்கொண்டிருந்தபோது மனைவி பெட்டிக்குள் கவலையோடு எட்டிப் பார்த்தாள். "ஏங்க, இதுக்கு மறுபடி உண்ணி வராதா?"

"வராதும்மா" என்று தைரியம் சொன்னேன்.

"ப்ச். மல்லித் தொட்டியிலயும் ஈ சுத்துது."

"வரலேன்னா என்னம்மா, ஆர்டர் பண்ணிடலாம்" என்றான் மகன். "அப்பா கார்டுதானே."