கட்டுச்சோறும் கூடாரமும்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் இப்போது கூடாரத்தில் படுக்க வாடகை வாங்குகிறார்கள். சென்னைக்கும் புதுச்சேரிக்கும் நடுவே, கடலை ஒட்டிய தோப்புகளுக்கு வெள்ளிக்கிழமை சாயங்காலமே கார்கள் வந்துவிடுகின்றன. மணலில் படுக்கை, மேலே வானம், மண்சட்டியில் மீன் குழம்பு, கேழ்வரகுக் கூழ், நுங்கு, அரிக்கேன் விளக்கு. எல்லாவற்றுக்கும் ஒரு விலை இருக்கிறது. கொடுப்பவர்கள் சந்தோஷமாகத்தான் கொடுக்கிறார்கள்.

நான் பிரம்மதேசத்துக்காரன். திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகிற சாலையில் எங்கள் ஊர். எழுபதுகளில், என் சின்ன வயதில், மேலே சொன்ன அத்தனையும் எங்களிடம் இருந்தன. அத்தனைக்காகவும் நாங்கள் வெட்கப்பட்டோம். காலையில் கூழ் குடித்துவிட்டு வந்ததைப் பள்ளிக்கூடத்தில் சொல்ல மாட்டோம். வாசலில் கயிற்றுக் கட்டில் போட்டுப் படுத்தது காற்றுக்காக மட்டுமல்ல, உள்ளே இடம் போதாது. மெட்ராஸிலிருந்து சொந்தக்காரர்கள் வருகிறார்கள் என்றால், ஆயா முதல் வேலையாகக் கூழ்ப்பானையைத் தூக்கிப் பின்கட்டில் வைத்து மூடிவிடுவாள். அன்றைக்கு அரிசிச் சோறு. அதைக் கடன் வாங்கியாவது வடித்துப் போடுவாள்.

வெட்கப்பட்டோமே தவிர, மகிழ்ச்சிக்குக் குறைவில்லை. மாசி மகம் வரும் என்று வருஷம் முழுக்கக் காத்திருப்போம். பௌர்ணமியன்று சாமிகள் கடலுக்குத் தீர்த்தவாரிக்குப் போகும். நாங்கள் முந்தின ராத்திரியே வண்டி கட்டிக்கொண்டு மரக்காணம் கிளம்புவோம். ஆயா பொழுது சாய்வதற்குள் புளிச்சோறு கிளற உட்கார்ந்துவிடுவாள். வடித்த சோற்றைத் தாம்பாளத்தில் கொட்டி, ஆவி அடங்கும்வரை விரல் நுனியால் பரப்புவாள். நல்லெண்ணெயை மேலாகச் சுற்றி ஊற்றிவிட்டு, முன்னாலேயே காய்ச்சி வைத்திருக்கும் புளிக்குழம்பைக் கரண்டி கரண்டியாக விட்டுப் பிரட்டுவாள். கடைசியில் வறுத்து ஒன்றிரண்டாக இடித்த மல்லாட்டை. வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். அந்த வாசனைக்குப் பிள்ளைகள் சுற்றி வந்து நிற்போம். ஒரு கை அள்ள நீட்டினால் போதும், ஆயா தட்டிவிடுவாள்.

“ஈரக்கை பட்டா விடியறதுக்குள்ள ஊசிப்பூடும் கண்ணு. தள்ளி நில்லு. நாளைக்குக் கடலைப் பாத்துக்கினே துன்னலாம்.”

வண்டியில் வைக்கோல் பரப்பி, அதன்மேல் சமுக்காளம் விரித்து, எங்களை வரிசையாகப் படுக்க வைப்பார்கள். வண்டிக்கு அடியில் அரிக்கேன் ஆடிக்கொண்டே வரும். அப்பாவும் மாமாவும் பேசிக்கொண்டே வண்டியோடு நடப்பார்கள். அவர்கள் பேச்சில் விளைச்சல், கடன், பங்காளிச் சண்டை எல்லாம் வரும். பகலில் முகம் கொடுத்துப் பேசாத அப்பா, அந்த நடையில் மட்டும் நட்சத்திரம் காட்டிப் பெயர் சொல்வார். மரக்காணம் நெருங்க நெருங்கக் காற்றில் ஈரம் ஏறும். உப்பளம் வந்துவிட்டது என்று யாராவது எழுப்புவார்கள். நிலா வெளிச்சத்தில் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மின்னும். வரப்பில் அந்தப் பருவத்தின் முதல் உப்பு வெள்ளையாகக் குவிந்து கிடக்கும். கடற்கரை போய்ச் சேர்ந்து, மாட்டை அவிழ்த்து, வண்டி மறைவில் மணலில் படுத்துத் தூங்குவோம். காலையில் சாமி கும்பிட்டு, முழுக்குப் போட்டு, உப்புத் தண்ணீர் சொட்டச் சொட்ட வந்து வாழையிலையைப் பிரித்தால் அந்தச் சோறு. அதற்கு இணையான ருசியை நான் பிறகு எந்த ஓட்டலிலும் கண்டதில்லை.

இந்த வழிக்கும் இந்தச் சாப்பாட்டுக்கும் உள்ள உறவு மிகப் பழையது என்பது வளர்ந்து சிறுபாணாற்றுப்படையைப் படித்தபோதுதான் தெரிந்தது. பத்துப்பாட்டில் ஒன்றான அந்த 269 அடி நூலைப் பாடியவர் இடைக்கழி நாட்டு நல்லூர் நத்தத்தனார். அந்த இடைக்கழிநாடு மரக்காணத்துக்கு வடக்கே இருக்கிறது. பாட்டுடைத் தலைவன் ஓய்மா நாட்டு நல்லியக்கோடன். அவனுடைய ஊரான கிடங்கில் இன்றைய திண்டிவனத்தை ஒட்டியது. நூல் சொல்லும் எயிற்பட்டினத்தை மரக்காணம் பகுதியோடு சேர்த்துத்தான் ஆய்வாளர்கள் பலர் பார்க்கிறார்கள். அப்படியானால் அந்த நூலில் வரும் பாணர்கள் நடந்தது கிட்டத்தட்ட எங்கள் வண்டி போன பூமி. வழியில் என்னென்ன சாப்பாடு கிடைக்கும் என்று நூல் வரிசையாகச் சொல்கிறது. கடற்கரையில் சுட்ட உலர்மீன், உள்நாட்டில் புளி சேர்த்த சுடுசோறு, வயல்வெளி ஊரில் வெள்ளைச் சோறும் நண்டுக் கறியும். ஆயா எழுத்து வாசிக்காதவள். ஆனால் அந்தப் பட்டியலில் பாதியை அவள் அடுப்பில் நான் சாப்பிட்டிருக்கிறேன்.

அதே நூலில் என்னை உலுக்கிய இடம் வேறு. பயணம் புறப்படுவதற்கு முன், வழி சொல்லும் பாணனின் வீடு எப்படி இருந்தது என்று ஒரு காட்சி வரும். குட்டி போட்ட நாய் பசியில் குரைக்கிற பாழடைந்த அடுக்களை. பசியால் மெலிந்த பெண், குப்பையில் முளைத்த கீரையைக் கிள்ளி வந்து, உப்புகூட இல்லாமல் வேகவைக்கிறாள். அதையும் அக்கம்பக்கத்தார் பார்த்துவிடக் கூடாதென்று கதவை அடைத்துவிட்டு, சுற்றத்தோடு பகிர்ந்து சாப்பிடுகிறார்கள். உப்பு விளைகிற நாட்டைப் பாடிய நூலில் உப்பில்லாத கீரை. அதைப் படித்த அன்று எனக்குப் பின்கட்டில் மூடிவைத்த கூழ்ப்பானைதான் கண்ணில் நின்றது. எளிய சாப்பாடு இன்பமாவதும் அவமானமாவதும் பாத்திரத்தில் இருப்பதைப் பொறுத்தது அல்ல. வேறு வழியில்லாமல் சாப்பிடுகிறோமா, விரும்பிச் சாப்பிடுகிறோமா என்பதைப் பொறுத்தது.

போன கோடையில் பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நானும் அப்படி ஒரு கூடாரத்தில் தங்கினேன். சென்னையிலிருந்து காரில் மூன்று மணி நேரத்துக்குள் வந்துவிட்டோம். பிள்ளைகள் பட்ட சந்தோஷத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். கைப்பேசியை எங்கே வைத்தோம் என்பதையே மறந்துவிட்டார்கள். மணலில் உருண்டார்கள். நண்டு வளை ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்தார்கள். பக்கத்து ஊரிலிருந்து மல்லாட்டைச் செடி ஒரு கட்டு வாங்கி வந்து, நாங்கள் கொல்லையில் செய்ததுபோல் சுட்டுக் கொடுத்தேன். காய்ந்த பனையோலையைக் கொளுத்தி, செடியைக் காயோடு அதன்மேல் போட வேண்டும். ஓடு கருகி வெடிக்கிற சத்தம் கேட்டதும் மண்ணைத் தள்ளி மூடிவிட வேண்டும். கொஞ்சம் பொறுத்துக் கிளறினால், உள்ளே பருப்பு பாதி வெந்தும் பாதி வறுபட்டும் இருக்கும். வாயெல்லாம் கரி. சின்னவள் கேட்டாள், “தாத்தா, இத ஏன் நீங்க இத்தன நாளா செஞ்சு தரல?” நியாயமான கேள்வி. நாம் வெட்கப்பட்டு விட்டுவந்த இன்பங்களைப் பிள்ளைகள் நம்மிடமே திருப்பிக் கேட்கிறார்கள். கேட்கட்டும், கொடுப்போம்.

அன்றிரவு மூன்று, மூன்றரை மணி இருக்கும். தூக்கம் கலைந்து சாலைப் பக்கம் நடந்தேன். உப்பளத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள் டார்ச் வெளிச்சத்தில் போய்க்கொண்டிருந்தார்கள், பெண்கள்தான் அதிகம். வெயில் ஏறுவதற்குள் வாரி முடிக்க வேண்டும் என்பதால் அந்த நேரத்துக்கே கிளம்புகிறார்கள். கூடவே கொஞ்ச தூரம் நடந்தேன்.

மரக்காணத்தில் 3,000 ஏக்கருக்கும் மேல் உப்பளம் இருக்கிறது. தமிழ்நாட்டில் தூத்துக்குடி, வேதாரண்யத்துக்கு அடுத்து இங்கேதான் உப்பு அதிகம். உப்புத்தண்ணீரைப் பாத்தி பாத்தியாக மாற்றி வெயிலில் சுண்டவிடுகிறார்கள். கடல்நீரின் அடர்த்தி சுமார் 3 டிகிரி. அது 25 டிகிரியை நெருங்கும்போது உப்பு படியத் தொடங்கும். முதலில் தண்ணீர்மேல் மெல்லிய ஆடை கட்டும். அது உடைந்து அடியில் இறங்கி, குருணை குருணையாகத் தேறும். நீண்ட மூங்கில் கழியில் பொருத்திய பலகையால் அதை வாரி வரப்பில் சேர்ப்பார்கள். வெறும் காலோடு அந்தத் தண்ணீரில் நிற்க வேண்டும். விடிந்த பிறகு வெள்ளைத் தரையில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் கண்ணைக் கூச வைக்கும். காலில் சின்ன வெடிப்பு இருந்தாலும் உப்பு அதைத் தேடிப் பிடிக்கும்.

என் வயதை ஒட்டிய ஓர் அம்மாவிடம், கடற்கரையில் இப்போது நிறையப் பேர் வந்து தங்குகிறார்களே என்றேன். “வர்றாங்க அண்ணே, நல்லாயிருக்கட்டும். நாங்க கடல் பக்கத்துலயே பொறந்தவங்க. கால் நனைக்கப் போயிதான் பல வருஷமாச்சு. வேல முடிஞ்சி வந்தா உடம்பு கெஞ்சுது” என்றார். அதில் குறை சொல்லும் தொனியே இல்லை. எனக்குத்தான் பதில் வரவில்லை.

இன்பப் பயணம் போன இடத்தில் உழைப்பைக் கண்டு நின்றவர்கள் முன்னாலேயே இருந்திருக்கிறார்கள். மரக்காணம் வரை வருகிற பக்கிங்ஹாம் கால்வாய் அந்தக் காலத்தில் உப்பும் விறகும் ஆட்களும் போன நீர்ச்சாலை. 1876–78 தாது வருஷப் பஞ்சத்தில் பசித்த மக்களுக்குக் கூலி கொடுத்து அதை வெட்டி நீட்டினார்கள். அந்தக் கால்வாயில் நண்பர்களோடு படகேறி மாமல்லபுரம் போனதைப் பாரதிதாசன் ‘மாவலிபுரச் செலவு’ என்று பாடினார். நிலாவையும் காற்றையும் நண்பர் கூட்டத்தையும் பாடியவர், படகைக் கழியூன்றித் தள்ளியும் கயிறு கட்டி இழுத்தும் வந்த தொழிலாளிகளின் பாட்டையும் சேர்த்தே பாடினார். உல்லாசப் பயணத்தின் நடுவில் படகுக்காரனின் மூச்சு அவர் காதில் விழுந்தது. பயணம் போகிறவருக்கு அந்தக் காது வேண்டும்.

உப்பளத் தொழில் தை மாசியில் தொடங்கிப் புரட்டாசி வாக்கில் முடியும். வடகிழக்குப் பருவமழை வந்தால் பாத்தியெல்லாம் வெள்ளம், வேலை கிடையாது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் இந்தக் கரையில்தான் ஏறியது. பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கு மேல் மழை. உப்பளங்கள் ஏரியோடு ஏரியாகக் கிடந்தன. மழைக்கால நிவாரணமாக உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு அரசு 5,000 ரூபாய் தருகிறது. தருவது நல்ல காரியம். மூன்று மாதத்துக்கு அது போதாது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அன்றைக்கும் இன்றைக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால் என் பதில் இதுதான். இன்பங்கள் மாறவில்லை. புளிச்சோறு அதே புளிச்சோறுதான், மணலும் நிலாவும் அங்கேயேதான் இருக்கின்றன. அன்று எங்களிடம் பணம் இல்லை, பொழுது இருந்தது. வண்டி மெதுவாகப் போனதால் அப்பாவிடம் நட்சத்திரம் கேட்க நேரம் கிடைத்தது. இன்று பணம் கொடுத்து அந்தப் பொழுதை வாங்குகிறோம். வாங்க முடியாதவர்கள், அந்தக் கடலுக்குப் பக்கத்திலேயே குடியிருந்தும், அதைப் பார்க்காமல் தூங்கப் போகிறார்கள். எளிய இன்பம் என்று பெயர் வைத்துவிட்டு அதை எளியவருக்கு எட்டாததாக்கினால் அந்தப் பெயர் பொய்யாகிவிடும்.

ஆகவே என் வேண்டுகோள் சிறியது. இந்தக் கரைக்கு வாருங்கள், பிள்ளைகளோடு வாருங்கள். கட்டுச்சோறு கட்டிக்கொண்டு வாருங்கள், அல்லது சாலையோரம் மீன் வறுத்துக் கொடுக்கும் அம்மாவிடம் உட்கார்ந்து சாப்பிடுங்கள். திரும்பும்போது மரக்காணத்து உப்பும் கருவாடும் தர்பூசணியும் வாங்கிப் போங்கள், பேரம் பேசாதீர்கள். சருகு காய்ந்து கிடக்கும் சவுக்கடியில் நெருப்பு மூட்டாதீர்கள். மரக்காணத்தை ஒட்டிய கழுவெளி 2021-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இடம். சுமார் 5,150 ஹெக்டேர் ஈரநிலம், பூநாரையும் கூழைக்கடாவும் நம்பி வருகிற தண்ணீர். அதன் கரையில் பாட்டுப் பெட்டியை அலறவிடாதீர்கள், பிளாஸ்டிக்கை விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

அரசுக்கும் கூடாரம் போடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஊர்க்காரர்கள் கடலுக்குப் போகும் பாதைகளை வேலி போட்டு மறிக்காதீர்கள். உப்பளத்தில் நிழல் கூரை, குடிநீர், கழிப்பறை, காலுக்கு உறை, கண்ணுக்குக் கண்ணாடி கொடுங்கள். மழைக்கால உதவியை வயிறு நிரம்பும் அளவுக்கு உயர்த்துங்கள். சம்பளத்தோடு வாரம் ஒருநாள் விடுமுறை கிடைத்தால் அந்த உப்பளத்து அம்மாவும் பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சாயங்காலம் கடலுக்குப் போவார். கட்டுச்சோறு கட்ட அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவருக்கு வேண்டியது பொழுதுதான், அதைக் கொடுப்பது நம் கடமை.