கிராமிலிருந்து மில்லிகிராமுக்கு

காரைக்கால் மாங்கனித் திருவிழாவில் பிச்சாண்டவர் வீதியுலா வரும்போது மாடிகளிலிருந்து இறைக்கிற மாம்பழத்தைப் பிடிப்பது என் வேலை. அதைத் தோல் சீவித் துண்டு போட்டு அம்மாவுக்குக் கொடுப்பது அக்காவின் வேலை. அம்மா முழுப் பழத்தைக் கடித்து நாங்கள் பார்த்ததில்லை. நாற்பது வயதுக்குள்ளேயே முன்பற்கள் ஆட ஆரம்பித்திருந்தன.

அதற்குப் ‘பயோரியா’ என்று பல்பொடிக்காரர்கள் பெயர் சொன்னார்கள். உமிக்கரி, உப்பு, கிராம்பு எல்லாம் பார்த்தாயிற்று. ஈறு வீங்கிச் சீழ் வைத்தால் மருந்துக்கடையில் டெட்ராசைக்ளின் கேப்ஸ்யூல். 250 மில்லிகிராம், நான்கு வேளை. நாளுக்கு ஒரு கிராம். பாலும் தயிரும் கூடாது. மருந்து வயிற்றைப் புரட்டும். வீக்கம் வடியும், கொஞ்ச நாளில் திரும்ப வரும். ஐம்பது வயதில் அம்மாவுக்குப் பல்செட் கட்டியாயிற்று. வயசானால் பல் விழத்தான் செய்யும் என்று வீட்டில் எல்லாரும் நம்பினோம்.

மருந்து மட்டமானதல்ல. டெட்ராசைக்ளின் குடும்பத்தின் முதல் மருந்தான ஆரியோமைசின் 1948இல் வெளிவந்தபோது, அது பிறந்த லெடர்லே ஆய்வகத்தில் ஆராய்ச்சிக்குத் தலைமை வகித்தவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ். சிக்கல், மருந்து போய்ச்சேர வேண்டிய இடத்தில் இருந்தது. பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே ஆழமாகிப்போன பையில், வேரோடு படலமாக ஒட்டிக்கொண்டு கிருமிகள் வாழ்கின்றன. விழுங்கிய மருந்து உடம்பு முழுக்கச் சுற்றிவிட்டு அங்கே சொற்பமாகத்தான் வந்து சேரும். வாய் கொப்பளிக்கிற மருந்து ஆழத்துக்கு இறங்காது. நேரே பைக்குள் ஊற்றினாலும் நிற்காது: 5 மில்லிமீட்டர் பையில் ஊறும் நீர் மணிக்கு 40 தடவை மாறுகிறது. ஓடுகிற வாய்க்காலில் உப்பைக் கரைத்த கதைதான்.

அதனால் மருந்தைப் பைக்குள்ளேயே தங்கவைத்து, நாள் கணக்கில் மெல்லக் கசியவிட வேண்டும் என்று அமெரிக்காவில் மாக்ஸ் குட்சன் என்ற ஆய்வாளர் யோசித்தார். 1979இல் நுண்ணிய குழல் நார்களில் டெட்ராசைக்ளினை நிரப்பிக் காட்டினார். 1998இல் அங்கே குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினியை ஏந்திய ஜெலட்டின் சில்லு அனுமதி பெற்றது. அதில் மருந்து இரண்டரை மில்லிகிராம். பிறகு சென்னையிலேயே இவை தயாராகத் தொடங்கின. கொலாஜன் என்ற புரத நாரில் 2 மில்லிகிராம் டெட்ராசைக்ளின் ஒன்று. இன்னொன்று ‘பெரியோகால் சிஜி’: நான்குக்கு ஐந்து மில்லிமீட்டர் சில்லு, இரண்டரை மில்லிகிராம் குளோர்ஹெக்சிடின். அதைத் தாங்குகிற கொலாஜன் நன்னீர் மீனிலிருந்து எடுப்பது. முதல் நாளிலேயே பாதிக்குச் சற்றுக் குறைவான மருந்து வெளியேறும். மீதி ஒரு வாரம் சீராகக் கசியும். தானே கரைந்துவிடுவதால் எடுக்கவும் வேண்டாம்.

அம்மாவின் ஈறுதான் எனக்கும். எனக்குச் சர்க்கரையும் உண்டு; அது ஈறு நோயை முற்றவைக்கும், ஈறு நோயும் சர்க்கரையைக் கட்டுக்குள் நிற்கவிடாது. கடைவாய்ப் பல் ஒன்றில் பை 6 மில்லிமீட்டர் என்று அளந்து சொன்ன பல் டாக்டர், என் மகள் வயதுப் பெண். மரத்துப்போக ஊசி போட்டு, வேர் வரை காரையைச் சுரண்டிச் சுத்தம் செய்தார். சில மாதம் கழித்தும் அந்த ஒரு பை மட்டும் குறையாததால், மறுபடி சுத்தம் செய்து சில்லைச் செருகினார்.

“பத்து நாளைக்கு அந்த இடத்துல நூல் விடாதீங்க சார். குச்சியால குத்தவும் கூடாது.”

“இதுலயே சரியாயிடுமா?”

“சுத்தம் பண்ணினதுதான் சார் வைத்தியம். இது அதுக்கு ஒத்தாசை.”

இந்த நேர்மை எனக்குப் பிடித்தது. ஆய்வுகளும் அதையே சொல்கின்றன: வெறும் சுத்தம் செய்வதைவிடப் பையின் ஆழத்தைக் குறைப்பதில் சில்லு கூடுதலாகத் தருவது சராசரியில் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. 2020இல் வந்த ஐரோப்பிய வழிகாட்டுதலும் இதைத் துணைச் சிகிச்சையாகப் பரிசீலிக்கலாம் என்ற அளவில்தான் நிறுத்துகிறது. வாய் முழுக்க நோய் பரவியவருக்குப் பல்லுக்குப் பல் சில்லு வைப்பது பணத்துக்கும் கேடு. ஒன்றிரண்டு பைகள் பிடிவாதம் பிடிக்கும்போது, முழு உடம்புக்கும் ஆன்டிபயாடிக் ஊட்டாமல் அங்கே மட்டும் மருந்து வைக்க முடிகிறதே, அதுதான் இதன் அருமை. அம்மா ஒரு நாளில் விழுங்கியதில் நானூறில் ஒரு பங்குதான் என் ஈறுக்குள் போன மருந்து.

சிதம்பரத்தில் 1980இல் பல் மருத்துவக் கல்லூரி வந்தது. புதுச்சேரியில் அரசின் பல் மருத்துவக் கல்லூரி 1990இல். இரண்டுமே அம்மாவின் பற்களுக்குப் பிந்தியவை. இன்று காரைக்காலிலேயே பல் டாக்டர்கள் இருக்கிறார்கள். ஆனாலும் பல் ஆடிய பிறகு வருகிறவர்களே அதிகம் என்கிறார் அந்தப் பெண். ஈறு நோய் பெரும்பாலும் வலிப்பதில்லை, அதுதான் ஏமாற்றிவிடுகிறது.

பல் துலக்கும்போது ரத்தம் வந்தால், பல்பொடியை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். பல் டாக்டரிடம் போய், “ஈறை அளந்து பாருங்கள்” என்று வாய்விட்டுக் கேளுங்கள். 3 மில்லிமீட்டர் வரை பயமில்லை. ஐந்தைத் தொட்டிருந்தால், தள்ளிப்போடாமல் சுத்தம் செய்துகொள்ளுங்கள்.