ஒரே ஒரு கேள்வி

எங்கள் ஊர் கேபிள் டிவியில் வாராவாரம் ஒரு நெறியாளர் வருகிறார். ஒரு வியாழன் புத்தகம், அடுத்த வியாழன் விளையாட்டு, அதற்கடுத்து ஊர்ப் பிரச்சினை. எதுவானாலும் விருந்தாளியிடம் அவர் கேட்பது ஒரே ஒரு கேள்விதான். அதற்கே நேரம் சரியாகப் போய்விடும்.

எழுத்தாளர் கி.ரா.வைப் பற்றிப் பேச, ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியார் ஒருவரைக் கூப்பிட்டிருந்தார். கி.ரா.வின் ஊரான இடைசெவல் எங்களுக்குப் பக்கம், வாத்தியாரும் கி.ரா.வும் கடிதம் எழுதிக்கொண்டவர்கள். மடியில் மஞ்சள் பை நிறையக் கடிதங்களோடு உட்கார்ந்திருந்தார். நெறியாளர் தொண்டையைச் செருமி, "ஐயா, உங்ககிட்ட ஒரு கேள்வி" என்றார்.

கரிசல் மண் ஏன் கறுப்பு என்பதில் கேள்வி தொடங்கியது. 'கோபல்ல கிராமம்' நாவலில் அந்த ஜனங்கள் ஆந்திரத்திலிருந்து தெற்கே புறப்பட்டார்கள் அல்லவா, கேள்வியும் கூடவே நடந்து வந்தது. வழியில், நெறியாளரின் தாத்தா பருத்தி வண்டி ஓட்டிய கதைக்காகச் சற்றுத் தங்கியது. 'கோபல்லபுரத்து மக்கள்' 1991-இல் சாகித்ய அகாதெமி விருது பெற்ற இடத்தில், "அப்ப நான் காலேஜ் படிச்சிட்டிருந்தேன்" என்று கிளை பிரிந்து கல்லூரி விடுதிச் சாப்பாடுவரை போய்த் திரும்பியது. வாத்தியார் வாயைத் திறக்கும்போதெல்லாம், "இருங்கய்யா, கேள்வி இன்னும் முடியலை" என்று ஒரு கை குறுக்கே வந்தது.

"ஆக, நம்ம ஜனங்களோட பேச்சையே எழுத்தாக்கிட்டார் கி.ரா.ன்னு சொல்ல வர்றீங்க. சரிதானே? சுருக்கமாச் சொல்லுங்க, அரை நிமிஷம்தான் இருக்கு."

"சரிதான்" என்றார் வாத்தியார்.

"அருமையாச் சொன்னீங்க!"

மேசைமேல் இருந்த புத்தகத்தின் கண்ணாடித்தாள் உறைகூடப் பிரிக்கப்படவில்லை என்பதை நான் சொல்லித்தான் தெரியவேண்டும் என்றில்லை.

விளையாட்டு வாரத்தில் ஹாக்கிப் பையன் ஒருவன் வந்தான். எங்கள் கோவில்பட்டி வட்டாரத்தில் ஹாக்கி என்றால் உயிர். அந்த ஆட்டத்தில் கால்மணிக்கு ஒருமுறை ஆளுக்கு மூச்சுவிட இடைவேளை உண்டு. இவரிடம் அந்தச் சலுகை கிடையாது. 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக் தங்கத்தில் கிளம்பியவர், 2024 பாரிஸ் வெண்கலம்வரை மூச்சுவிடாமல் வந்து, "கோல் போடுற அந்த நேரம் உங்க மனசு எப்படிங்க துடிச்சது?" என்றார்.

"சார், நான் கோல்கீப்பர்."

"அதைத்தானே கேக்கேன்!"

இதுவரை சிரிப்புதான். ஊர்ப் பிரச்சினை வாரத்தில் எனக்குச் சிரிப்பு வருவதில்லை. தெருக்குழாய்த் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு ஒரு அம்மா வந்திருந்தார். காட்டவேண்டும், எத்தனை நாளாக இப்படி வருகிறது என்று சொல்லவேண்டும், அவ்வளவுதான் அவர் ஆசை. அதற்காகத் தீப்பெட்டி ஆபீஸில் அரை நாள் கூலியை விட்டுவிட்டு வந்தவர். நெறியாளர் தாமிரபரணியை அகத்தியர் மலையிலிருந்து இறக்கி, அணை அணையாகக் கொண்டுவந்து, எங்கள் ஊருக்குள் விடுவதற்கும் நகைக்கடை விளம்பரம் வருவதற்கும் சரியாக இருந்தது. அந்த அம்மா சொல்லவேண்டியதை வேறு யார் சொல்வது? ஊர்க்குரல் என்று நிகழ்ச்சிக்குப் பேர் வைத்துவிட்டு, ஊரைப் பேசவிடாமல் அடிப்பதற்கு என்ன பேர்?

ஆனால், ஆளை முழுசாக வெறுக்கவும் முடியவில்லை. சம்பளம் கிடையாது. விருந்தாளியைத் தன் டிவிஎஸ் எக்ஸெல்லில் ஏற்றி வந்து, நாற்காலியைத் தானே துடைத்துப் போட்டு, டீயும் தன் காசில் வாங்கித் தருவார். இவர் இல்லையென்றால் அந்த வாத்தியார் டிவி பக்கம் வந்திருக்கவே மாட்டார்.

அவரை ஜெயித்த விருந்தாளி ஒருவர்தான். நாட்டார் கதை சொல்ல வந்த பாட்டி. காது சுத்தமாகக் கேட்காது. பையன் ஒருவன் மைக்கைச் சேலையில் குத்தியதுமே, "ஒரு ஊர்ல ஒரு ராசாவாம்" என்று ஆரம்பித்துவிட்டார். நெறியாளர் கையைக் குறுக்கே நீட்டினார். ஏதோ கொடுக்கிறார் என்று நினைத்து, பாட்டி வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினார், கதையை நிறுத்தவில்லை. நிகழ்ச்சி முடியும்வரை நான்கு கதைகள். அத்தனையும் தேன்.

மறுநாள் டீக்கடையில் நெறியாளர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்: "நான் எடுத்த பேட்டியிலேயே இதுதாம்வே பெஸ்ட். எப்படிக் கேள்வி கேட்டேன் பாத்தீரா?"